எழுபத்தைந்து ஓம்

எங்கள் அத்தாவின் பெயர் முதன்முதலாக டிவியில் வந்தது ஒரு காதணி விழா வாழ்த்துக்கும் போர்வெல் விளம்பரத்துக்கும் நடுவில்.

"கேபிள் சந்தாதாரர்கள் கவனத்திற்கு. கள்ளக்குறிச்சி ஹயாத் பாஷா கடையில் வாங்கிய போலிக் கேபிளால் கரியாலூர் பகுதியில் படம் சரியாகத் தெரியவில்லை. தரமான கேபிள் மாற்றும் பணி நடைபெற்று வருகிறது. தடங்கலுக்கு வருந்துகிறோம்."

மேலே பாட்டு ஓடிக்கொண்டிருக்க, திரையின் அடியில் இந்த எழுத்து ஊர்ந்து போனது. போய் மறைந்து மறுபடியும் வந்தது. காதணி விழா முடிந்து அந்தக் குழந்தையின் காதுப் புண்ணே ஆறியிருக்கும். எங்கள் பெயர் மட்டும் ஓடிக்கொண்டே இருந்தது.

சிகாமணி டிவி என்பது வடக்கனந்தல் தெய்வசிகாமணியின் உள்ளூர் சேனல். அடிவாரத்திலிருந்து கல்வராயன் மலையின் பாதி ஊர்கள் வரைக்கும் கேபிள் கனெக்ஷன் அவருடையதுதான். கல்யாணம், சடங்கு, கண்ணீர் அஞ்சலி, காணாமல் போன மாடு, எதுவானாலும் அவர் திரையில் ஓடினால்தான் நடந்ததாகக் கணக்கு. அதில் ஒருவனைப் போலி என்று போட்டால் அவன் போலிதான். விசாரணை எல்லாம் கிடையாது.

ஒரு விவசாயி வந்தார். வருஷக்கணக்காக எங்களிடம் மோட்டார் ஒயர் வாங்குகிறவர். பிரிக்காத சுருளைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்துவிட்டுத் தலையைச் சொறிந்தார். "தப்பா நினைக்காத பாய். டிவில வேற போட்டுக்கினே இருக்கானுங்க. வூட்ல பயப்படுறாங்க." அத்தா சுருளை வாங்கி உள்ளே வைத்தார். மறுநாளிலிருந்து கடை முகப்பில் போட்டிருக்கும் தன் நாற்காலியில் அவர் உட்காரவில்லை. பின்னாலிருக்கும் குடோனில் போய் உட்கார்ந்துகொண்டார். யாராவது கேட்டால், "வெயில் ஜாஸ்தி" என்றார். அப்போது மார்கழி.

என் பெயர் அத்தியா. எலக்ட்ரானிக்ஸ் இன்ஜினியரிங் படித்துவிட்டு அத்தா கடையில் ஒயர் விற்கிறேன். சிரிக்க விரும்புகிறவர்கள் இங்கேயே சிரித்து முடித்துவிடலாம், எனக்கு மேலே வேலை இருக்கிறது. அந்த நாற்காலி காலியாகக் கிடந்ததைப் பார்க்கப் பார்க்க எனக்கு வயிறு எரிந்தது. அதில் என் அத்தா திரும்ப உட்கார வேண்டும். எந்தத் திரை அவரை எழுப்பி உள்ளே அனுப்பியதோ அதே திரை அவரைக் கூப்பிட்டு உட்கார வைக்க வேண்டும். அதற்குக் குறைந்து எதற்கும் நான் தயாராக இல்லை.

"வுட்டுடு அத்தியா" என்றார் அத்தா. "நாய் கொலைக்குதுன்னு நாமளும் திருப்பிக் கொலைக்கணுமா?"

"நான் கொலைக்கப் போறதில்ல அத்தா. கடிக்கப் போறேன்."

வடக்கனந்தலுக்கு ஸ்கூட்டியில் போனேன். தெய்வசிகாமணியின் கண்ட்ரோல் ரூம் மாடியில் இருந்தது. ஏ.சி. குளிரில், வெள்ளைச் சட்டைக்குள் வயிறும் வெள்ளை நாற்காலிக்குள் அவருமாக நிறைந்து உட்கார்ந்திருந்தார்.

"அண்ணே, நீங்க எங்க கடையில வாங்குனது போலின்னு எதை வச்சு சொல்றீங்க?"

"படம் தெரியல பாப்பா. வேற இன்னா வேணும்?"

"படம் தெரியாததுக்கு நூறு காரணம் இருக்குது. கேபிள் சரியா இல்லையான்றதுக்கு கணக்கு இருக்குது. போட்டா தெரிஞ்சிடும்."

அவர் கண்ட்ரோல் ரூம் ஆளைத் திரும்பிப் பார்த்தார். பிரவீன்குமார் என்று பெயர். ஓடும் எழுத்தை அடிப்பதும் பாட்டு மாற்றுவதும் அவன் வேலை. முதலாளி சிரிப்பதற்குள் அவன் சிரித்துவிட்டான்.

"பார்றா, பாயி பொண்ணு ஒயருக்குக் கணக்குப் போடுதாம். சரி, ஒண்ணு பண்ணு. ஞாயித்துக்கெழம நம்ம 'மக்கள் மேடை' லைவ்ல வந்து உக்காரு. ஊரே பார்க்கட்டும். தப்பு என் பேர்லன்னா நானே டிவில மன்னிப்பு கேக்கறேன். உங்க அத்தா பேர்லன்னா கடைய சாத்திட்டுப் போயிடணும். இன்னா சொல்ற?"

என்னை வைத்து ஒரு மணி நேரம் ஊரைச் சிரிக்க வைக்கலாம் என்று அவர் கண்ணிலேயே தெரிந்தது. "வரேன் அண்ணே" என்றேன். கையில் அப்போது எதுவும் இல்லை. கோபம் மட்டும் இருந்தது.

அடுத்த நாள் கரியாலூர் பஸ்ஸில் ஏறினேன். கொண்டை ஊசி வளைவுகளில் குடலைப் புரட்டிக்கொண்டு போய் இறங்கி, மரவள்ளிக் கொல்லைகளுக்கு நடுவே நடந்தால் லைனின் கடைசியில் ஒரு சின்ன ஊர். புகார் கொடுத்தவர்களில் முதல் ஆள் ஆண்டாள். நாற்பது வயதிருக்கும். கையில் களைக்கொத்தியோடு வாசலில் நின்றவர், நான் யார் என்று சொன்னதும் டிவியைப் போட்டுக் காட்டினார். செய்தி வாசிக்கிற பெண்ணின் முகம் கட்டம் கட்டமாக உடைந்து, வாய் ஓரிடத்திலும் கண் ஓரிடத்திலும் நின்றது.

"மின்ன நல்லாதாம்மா தெரிஞ்சிது. மழைக்கப்புறம் லைன மாத்துனாங்க. அதுலேர்ந்து இப்படித்தான்."

"எந்த ஒயரு போட்டாங்க அக்கா? துண்டு கிண்டு கிடைக்குமா?"

அவர் சிரித்துக்கொண்டே முற்றத்தைக் காட்டினார். வேலிக்கம்புக்கும் முருங்கைமரத்துக்கும் நடுவில் துணி காய்ந்துகொண்டிருந்தது. கொடிக் கயிறு என்று நான் நினைத்தது கறுப்புக் கேபிள். மிச்சத் துண்டு.

"லைன்மேன் தமிழரசன் குடுத்துட்டுப் போனாரு. 'டவர் கழட்டுன எடத்துல மொதலாளி ஏலத்துல எடுத்தது, செம்பு இம்மாந்தடி, உன் புள்ள காலத்துக்கும் அறுவாது'ன்னாரு."

துணிகளை எடுத்து மடித்து வைத்துவிட்டுக் கொடியை அவிழ்த்தேன். கேபிளின் மேல்தோலில் மீட்டருக்கு மீட்டர் கம்பெனியும் ரகமும் அச்சடித்திருக்கும். இதில் அந்த இடமெல்லாம் உப்புத்தாளால் தேய்த்திருந்தது. எழுத்தை அழித்தவனுக்குக் கணக்கை அழிக்கத் தெரியாது. கேபிள் தன் ரகத்தைத் தன் வயிற்றுக்குள்ளேயே வைத்திருக்கும்.

கேபிளை வெட்டினால் நடுவில் செம்புக் கம்பி. அதைச் சுற்றி வெள்ளைப் பொருள். அதற்கு மேல் வலை, கடைசியில் கறுப்புத் தோல். வெள்ளையின் குறுக்களவைக் கம்பியின் குறுக்களவால் வகுக்க வேண்டும். வந்த ஈவுக்கு மடக்கை என்கிற லாக் எடுத்து, ஒரு எண்ணால் பெருக்க வேண்டும். அந்த எண், நூற்று முப்பத்தெட்டை வெள்ளைப் பொருளுக்கு ஏற்றபடி வகுத்தால் வரும். நகம் இறங்காத கெட்டி வெள்ளை என்றால் தொண்ணூற்றிரண்டு. அழுத்தினால் அமுங்குகிற நுரை வெள்ளை என்றால் நூற்றுப் பதினைந்து. விடை ஓமில் வரும், அதுதான் அந்தக் கேபிளின் இம்பீடன்ஸ், உள்ளே ஓடும் அலைக்கு அது காட்டும் எதிர்ப்பு. முழத் துண்டானாலும் மலை உச்சி வரை போனாலும் அது மாறாது. டிவிக்கு எழுபத்தைந்து, வயர்லெஸ்ஸுக்கு ஐம்பது. எழுபத்தைந்தில் வரும் அலை ஐம்பதில் நுழையப் பார்த்தால் அதில் ஐந்தில் ஒரு பங்கு வாசலிலேயே முட்டிக்கொண்டு திரும்பி ஓடும். அப்படிப் பல இணைப்புகளில் முட்டித் திரும்பி ஒன்றோடொன்று மோதினால் செய்தி வாசிக்கிற பெண்ணுக்கு முகம் எப்படி இருக்கும்?

ஆண்டாளின் அருவாமனையில் வெட்டி, பையிலிருந்த வெர்னியர் அளவுகோலால் அளந்தேன். நகம் இறங்காத கெட்டி வெள்ளை, ஏழு புள்ளி இரண்டு மில்லிமீட்டர். நடுவில் ஏழு இழை முறுக்கிய செம்பு, இரண்டு புள்ளி இரண்டு. இழைகளுக்கு இடையில் இடுக்கு இருப்பதால் கம்பியில் கொஞ்சம் கழிக்க வேண்டும். செல்போனில் தட்டினேன். நாற்பத்தொன்பது புள்ளி எட்டு.

ஐம்பது. வயர்லெஸ் டவர் கேபிள். டிவி இணைப்பின் துளைக்குள் அந்தத் தடிக் கம்பி நுழையாது என்று, கொடியின் மறுமுனையில் மாட்டியிருந்த கனெக்டருக்குள் ஏழு இழையில் நாலை வெட்டி மூன்றை மட்டும் சொருகியிருந்தார்கள். அந்த மூன்று இழையைப் பார்த்ததும் எனக்கு வந்த சந்தோஷத்துக்கு ஆண்டாளைக் கட்டிக்கொண்டேன்.

பஸ் பாதி மலை இறங்குவதற்குள் அந்தச் சந்தோஷம் பனியாகக் கரைந்துவிட்டது. ஐம்பது என்று நான் லைவில் நிரூபித்தால் தெய்வசிகாமணி என்ன சொல்வார்? "பார்த்தீங்களா மக்களே, பாய் குடுத்த கேபிள் தப்புன்னு அவர் பொண்ணே கணக்குப் போட்டுச் சொல்லிடுச்சு." கேபிள் தப்பானது என்றுதானே அந்த ஆளும் சொல்கிறார்? என் கணக்கையே கயிறாக்கி என் அத்தாவின் கழுத்தில் மாட்டிவிடுவார். இது யார் வாங்கிய கேபிள் என்பதை எந்த லாக்கும் சொல்லாது. அதை அவர் வாயாலேயே சொல்ல வைக்க வேண்டும்.

எப்படி என்று யோசித்துக்கொண்டே வந்தபோது தமிழரசன் சொன்னதாக ஆண்டாள் சொன்ன வார்த்தை திரும்ப வந்தது. செம்பு இம்மாந்தடி. எங்கள் கடைக்கு வரும் அத்தனை லைன்மேனும் அதையேதான் செய்வான். பல்லால் தோலைக் கடித்து உரித்து, கம்பியைப் பார்த்து, தடியாக இருந்தால் "நல்ல சரக்கு" என்பான், ஒல்லியாக இருந்தால் உதட்டைப் பிதுக்குவான். கேபிளை இவர்கள் கொழுக்கட்டை மாதிரி பூரணத்தை வைத்துத்தான் எடைபோடுவார்கள். எடுபிடியிலிருந்து முதலாளி வரைக்கும் இதே பழக்கம். பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் பயப்படும்படி நான் தனியாகச் சிரித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை பதினொரு மணிக்கு லைவ். தெய்வசிகாமணி பட்டுச்சட்டை போட்டு, பவுடர் அடித்திருந்தார். முன்னால் மேசையில் பூ ஜாடி. வழக்கம்போல் வணக்கம் சொல்லி, மழை பற்றிப் பேசி, என்னைக் காட்டி, "நம்ம ஹயாத் பாஷா பாய் பொண்ணு, படிச்ச புள்ள, கணக்குப் போட வந்திருக்குது" என்று கண்ணைச் சிமிட்டினார்.

நான் பையிலிருந்து இரண்டு துண்டுகளை எடுத்து வைத்தேன். இரண்டும் கறுப்பு, இரண்டுக்கும் வெளித் தடிப்பு ஒன்று. இரண்டிலும் அச்சு இல்லை, எங்கள் கடைத் துண்டில் நான் தேய்த்திருந்தேன். ஆண்டாளின் கொடித் துண்டில் அவரே தேய்த்து வைத்திருந்தது எனக்கு வசதியாகப் போனது.

"அண்ணே, கணக்கு அப்புறம். இந்தத் தொழில்ல உங்களுக்கு இருக்குற அனுபவம் எனக்கு இல்ல. நீங்களே பார்த்துச் சொல்லுங்க. இதுல எங்க கடை போலி எது? அதை எடுத்துட்டு நீங்க போட்டுக்கினு இருக்குற தரமான கேபிள் எது?"

அனுபவம் என்றதும் மனிதர் பூரித்துப் போனார். இரண்டையும் கையில் எடுத்தார். வெட்டிய முனைகளைக் கேமரா பக்கம் திருப்பினார். எதிர்பார்த்தபடியே கட்டை விரலால் கம்பியைத் தடவினார்.

"இத்த கண்ண மூடிக்கினு சொல்லலாம். இது பாருங்க மக்களே, செம்பு எம்மாந்தடியா, ஏழு இழை. இது தான் உங்களுக்காக நான் வெளியூர்லேர்ந்து நேரா எடுத்துக்கினு வந்து மலை லைன் முழுக்க போட்டுக்கினு இருக்குறது. இது, பாருங்க, கம்பி ஒட்டடைக் குச்சி மாதிரி. உள்ள பஞ்சு. அமுக்கினா அமுங்குது. இது தான் பாய் கடை சரக்கு."

"நல்லா பார்த்துச் சொல்லுங்க அண்ணே. தடிக் கம்பி நீங்க வாங்கினது. ஒல்லிக் கம்பி எங்கத்தா குடுத்தது. மாறிடலியே?"

"முப்பது வருஷ சர்வீஸு பாப்பா. மாறுமா?"

"மாறாது அண்ணே" என்றேன். "நீங்க சொன்னது நூத்துக்கு நூறு சரி."

பிறகு வெர்னியரை எடுத்தேன். ஒல்லிக் கம்பியை முதலில் அளந்தேன்: வெள்ளை ஏழு புள்ளி இரண்டு, கம்பி ஒன்று புள்ளி ஆறு. வகுத்தால் நாலரை. அதற்கு லாக் எடுத்து, நுரை வெள்ளை என்பதால் நூற்றுப் பதினைந்தால் பெருக்கினேன். செல்போனைக் கேமராவுக்குக் காட்டினேன். எழுபத்தைந்து. "டிவிப் பொட்டிக்குப் பின்னால நீங்களே பார்க்கலாம். எழுபத்தஞ்சு ஓம்னு போட்டிருக்கும். எங்கத்தா குடுத்தது அது தான்." அடுத்து தடிக் கம்பி. ஐம்பது. "இது கெட்ட கேபிள் இல்ல. ரொம்ப நல்ல கேபிள். வயர்லெஸ் டவருக்கு. அண்ணன் ஏலத்துல எடுத்து உங்க டிவிக்குப் போட்டுட்டாரு."

தெய்வசிகாமணி முகத்தில் பவுடர் மட்டும் அப்படியே இருந்தது. "எழுபத்தஞ்சு, அம்பதுன்னு சொன்னா ஆச்சா? எனுக்கும் நூறுன்னு சொல்லத் தெரியும். ஓமு கீமுன்னு ஊர ஏமாத்தறியா?"

அவர் சொன்னது ஒரு வகையில் நியாயம். என் கணக்கு ஊரில் யாருக்கும் புரிந்திருக்காது. அதற்காகத்தான் காத்திருந்தேன். நேரலை போன் அடித்தது. ஒலிபெருக்கியில் ஆண்டாளின் குரல் வந்தது.

"ஐயா, கரியாலூருக்கு மேலேர்ந்து பேசறங்க. உங்க மூஞ்சி எனக்குத் தெரியல, கட்டங்கட்டமா நிக்குது. நீங்க பேசனது மட்டும் விட்டு விட்டுக் கேட்டுது. தடிக் கம்பி உங்களுதுன்னு சொன்னீங்களே, அந்தத் தடிக் கம்பி வந்ததுலேர்ந்து தாங்க எங்க டிவி செத்துப்போச்சு. பாய் ஒயர்ல நல்லாதான் தெரிஞ்சிது. நீங்க கையில வச்சிக்கினு இருக்குறது என் துணிக் கொடி. அத்த மட்டும் திருப்பிக் குடுத்துடச் சொல்லுங்க."

தெய்வசிகாமணி பிரவீன்குமாரைப் பார்த்துக் கையை வெட்டுவதுபோல் ஆட்டினார். அவன் பதற்றத்தில் எதையோ அழுத்த, திரையில் பாட்டு வந்தது. பாட்டுக்கு அடியில் பழைய எழுத்து ஓடியது: "ஹயாத் பாஷா கடையில் வாங்கிய போலிக் கேபிளால்..." கீழே தெருவில் யாரோ வாய்விட்டுச் சிரித்தது மாடி வரைக்கும் கேட்டது.

மன்னிப்பு உடனே வரவில்லை. சொன்ன சொல்லைக் காப்பாற்ற அவர் ஒன்றும் அரிச்சந்திரன் இல்லை. ஆனால் மலைக்காரர்கள் என்னை மாதிரி கணக்குப் போடவில்லை. அந்த வாரமே ஆண்டாள் ஊர் முழுக்க செட்டாப் பாக்ஸைக் கழற்றி, இரண்டு மினி வேனில் கொண்டுவந்து, அவர் வீட்டு வாசலில் அடுக்கிவிட்டுப் போனார்கள். அதற்குப் பிறகுதான் பிரவீன்குமார் எனக்குப் போன் செய்தான். "அக்கா, இன்னா எழுதணும்னு மொதலாளி கேக்கறாரு."

நான் சொல்லச் சொல்ல அவன் அடித்தான். "ஹயாத் பாஷா கடையில் கொடுத்தது நல்ல கேபிள். தவறான கேபிளைப் போட்டது நான். பழியை அவர்மேல் போட்டதும் நான். இப்படிக்கு, தெய்வசிகாமணி." எவ்வளவு நாள் ஓட வேண்டும் என்று கேட்டான். "பழசு எவ்ளோ நாள் ஓடுச்சோ அவ்ளோ நாள்" என்றேன். கடை டிவியில் அது ஓடத் தொடங்கியதும் குடோனில் போய் அத்தாவைக் கூப்பிட்டேன். வந்து நின்று படித்தார். திரும்ப உள்ளே போய்விட்டார். எனக்கு அழுகையாக வந்தது. இவ்வளவு செய்தும் நாற்காலி காலியாகத்தான் இருந்தது.

மலை லைனை மாற்றியாக வேண்டுமே. எழுபத்தைந்து ஓம் லைன் கேபிள் கள்ளக்குறிச்சியில் எங்கள் கடையில்தான் சுருள் சுருளாக இருக்கும். தெய்வசிகாமணி தமிழரசனை அனுப்பினார். "மொதலாளி வந்தா தான் சரக்கு" என்று திருப்பி அனுப்பினேன். இரண்டு முறை அனுப்பினார், இரண்டு முறையும் அதே பதில். மூன்றாவது முறை கார் வந்து நின்றது. சந்தை நாள், பட்டப்பகல், தெரு நிறைய ஆள். நான் என்னென்ன கேட்க வேண்டும் என்று ராத்திரியே மனப்பாடம் செய்து வைத்திருந்தேன்.

வாயைத் திறப்பதற்குள் அத்தா குடோனிலிருந்து வந்துவிட்டார். துண்டால் தன் நாற்காலியைத் தட்டித் துடைத்து, அதில் உட்கார்ந்தார்.

"வாங்க. எந்த லைனுக்கு?"

"கரியாலூர் லைனுக்கு பாய். நடந்தது நடந்து போச்சு, மனசுல வச்சிக்காதீங்க."

"அதெல்லாம் இன்னா பேச்சு?" என்றார் அத்தா, சாந்தமாக. ஒரு சுருளை உருட்டிக் கடைக்கு வெளியே, நிழல் முடிகிற இடத்துக்கு அப்பால் நிறுத்தினார். முனையை வெட்டினார். என்னிடமிருந்து வெர்னியரை வாங்கி தெய்வசிகாமணி கையில் கொடுத்தார். "அளங்க."

"ஐயோ, உங்க மேல நம்பிக்கை இல்லாமயா பாய்?"

"போலிக் கடையாச்சே. பார்த்து வாங்கணும். அளங்க."

தெய்வசிகாமணி வெயிலில் நின்று அளந்தார். வெர்னியரில் கோடு பார்க்கத் தெரியாமல் தடுமாறினார். பூக்காரம்மா கூடையை இறக்கி வைத்துவிட்டு வேடிக்கை பார்த்தார். நான் கோட்டைக் காட்டிக் கொடுத்து, வகுத்து, பெருக்கி, செல்போனை நீட்டினேன்.

"எவ்ளோ?" என்றார் அத்தா.

"எழுபத்தஞ்சு."

"எதிர்க் கடைக்குக் கேக்கல."

"எழுபத்தஞ்சு பாய்!"

அத்தா தலையாட்டினார். அடுத்த சுருளை உருட்டினார். அதையும் வெட்டினார். "அளங்க." கூட்டம் சேர்ந்தது. மோட்டார் ஒயரைத் திருப்பிக் கொடுத்த விவசாயியும் அதில் நின்றார். ஒவ்வொரு சுருளுக்கும் தெய்வசிகாமணி குனிந்து அளந்து, நிமிர்ந்து, தெருவைப் பார்த்து எழுபத்தைந்து என்று கத்தினார். அவர் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. குரல் கம்மிவிட்டது. பாதிச் சுருள்கள் முடிந்தபோது என் வயிற்றெரிச்சல் எல்லாம் அடங்கி, அந்த ஆளைப் பார்க்கவே எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. குனிந்து அத்தாவின் காதில், "போதும் அத்தா, வுட்டுடுங்க" என்றேன்.

அத்தா என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்துகொண்டார்.

"உள்ள இன்னும் இருக்குது. எடுத்துக்கினு வா" என்றார்.